வெயில் தெரியாத பீர்

என் தம்பி சவரிநாதனின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பெருமை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவன் உள்ளே ஐஸ் தொட்டியில் நினைவில்லாமல் கிடக்கிறான். நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு, அடடா, நன்றாகப் பொங்கி வந்திருக்கிறதே என்று நினைத்தேன். அரைப்பழமாக இருக்கும் கொய்யாவின் வாசனை, அதன் பின்னாலேயே துளி கிராம்பு. உலகத்தில் இரண்டே இரண்டு அடுப்படிகளில்தான் அந்த வாசனை உண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று மாறனுடையது.

பெருமை போய் பயம் வர ஒரு நிமிடம் ஆனது. பயம் போய் கோபம் வர அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

முறையாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பெர்னதெத். ஊர் வில்லியனூர். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. வாரம் பூராவும் குடிதண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று தேடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நானே கிருமி வளர்த்து பீர் போடுவேன். புதுச்சேரியில் வீட்டு பீருக்கு லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்து ஆறேழு வருடம் ஆகிறது. மாதம் இருபது லிட்டர், போதை நாலு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, விற்கக்கூடாது. இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசுவது "பெர்னதெத்து சாராயம் காய்ச்சுது" என்றுதான். அவர்களே வந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவார்கள்.

ஏப்ரலிலேயே நாற்பத்து நாலு டிகிரி அடிக்கிற ஊரில் கறுப்பு பீரும் கசப்பு பீரும் தொண்டையில் இறங்காது. ப்ளாண்ட் ஏல் என்கிற வெளிர் பீர் ஒன்றுதான் சரி. முளைகட்டி உலர்த்திய பார்லியான வெளிர் மால்ட்டோடு கொஞ்சம் பொன்னி நொய்யைக் குழையவிட்டுச் சேர்த்து, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்க வேண்டும். அதைக் கொதிக்கவிட்டு, கசப்புக்கான ஹாப்ஸ் பூவைப் பேருக்குக் கிள்ளிப் போட்டு, ஆறவைத்து ஈஸ்ட் விட வேண்டும். பத்து நாளில் இளமஞ்சளாக, நாக்கில் உட்காராமல் ஓடுகிற ஒரு பீர் கிடைக்கும். கேட்க எளிது. ஆனால் அதற்குரிய ஈஸ்ட் பெரிய வீட்டுப் பிள்ளை. பதினெட்டு டிகிரி இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் ஊரில் மின்சாரம் ரேஷன். பிரிட்ஜ் மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஓடும்.

அதனால் நான் வேறு ஈஸ்ட் தேடினேன். பனங்கள் பானைகளின் அடியிலிருந்து சுரண்டிச் சுரண்டி, வளர்த்து, கெட்டதைக் கொட்டி, நல்லதை வைத்து, நாலு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் முப்பத்தேழு டிகிரியிலும் துர்நாற்றம் வராமல் வேலை செய்கிற ஒன்று கிடைத்தது. அந்தக் கொய்யா வாசனை அதனுடையதுதான். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. பீர் அருமையாக வந்தது, ஆனால் குளிர வைக்க வழியில்லை. வெதுவெதுப்பான ப்ளாண்ட் ஏலைக் குடிப்பதற்கு ஆறிப்போன சோற்றுக் கஞ்சியைக் குடிக்கலாம். அதைச் சொல்லித்தான் ஒருநாள் மாறனிடம் அழுதேன்.

நன்மாறன் என் கல்லூரித் தோழன். ஆய்வகத்தில் ஒரே மேசை. அவன் ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், நுண்ணுயிர்களின் மரபணுவில் வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தான். முத்தியால்பேட்டையில் அவன் வீடு. என்னிடம் பீர் போடக் கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாகப் போட ஆரம்பித்தவன். இருபத்தேழு வருடப் பழக்கத்தில் நான் திட்டினால் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

"ஐஸ் இல்லாம ஜில்லுனு இருக்கணும் மாறா. முடியுமா?" என்று கேட்டேன்.

"பீரை ஜில்லுனு ஆக்க முடியாது. குடிக்கிறவங்கள ஆக்கலாம்."

"வெளையாடாத."

"புதினா தின்னா வாய் ஜில்லுனு இருக்குல்ல? வாய் நெஜமா குளிரல பெர்னா. குளிருதுன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு ஒண்ணு இருக்கு, அதைப் புதினா தட்டி விடுது. அந்த மாதிரி ஒரு சரக்கை உன் ஈஸ்டே தயார் பண்ணிக் குடுத்துச்சுன்னா? ஆனா லைசென்ஸ்ல அது கெடையாது. மாட்டினா ரெண்டு பேரும் உள்ள போவணும்."

"யாரு பாக்கப் போறாங்க? பண்ணு," என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பண்ணச் சொன்னது நான்.

ஒன்றரை வருடம் கழித்துக் கொண்டுவந்தான். வெதுவெதுப்பாக இருந்த பீர்தான், ஆனால் முதல் வாயிலேயே தொண்டை சிலிர்த்தது. இரண்டாவது வாயில் நெஞ்சு, அரை டம்ளரில் விரல் நுனி வரைக்கும். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி, எனக்குப் போர்வை தேடியது. நாங்கள் இரண்டு பேரும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சமையலறையில் குதித்தோம். அதற்கு 'இளவெயில்' என்று பெயர் வைத்தோம்.

மறுவாரம் மே மாத மத்தியானம் இரண்டு மணிக்கு, மாறன் வீட்டு மொட்டை மாடியில் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு உட்கார்ந்தோம். மார்கழி மாதிரி இருந்தது. பேசிக்கொண்டே இருந்தோம், நேரம் போனதே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் நான்தான் வெப்பமானியை வாயில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது புள்ளி நாலு. மாறனுக்கு அதைவிட அதிகம். அவன் எழுந்திருக்கப் பார்த்து அப்படியே சரிந்தான். இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் போட்டேன்.

தெளிந்ததும் அவன் சொன்னான்: "உடம்பு கொதிச்சிட்டுத்தான் இருக்கு. நமக்குச் சொல்ல வேண்டிய நரம்பு சொல்லல, அவ்ளோதான்."

கொட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கொன்றிருக்க வேண்டும். மனசு வரவில்லை, எங்கள் இருவருக்குமே வரவில்லை. சத்தியம் மட்டும் செய்துகொண்டோம். பொழுது சாய்ந்தபிறகு ஒரே ஒரு டம்ளர். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூன்றாவது அடுப்படிக்கு இது போகக்கூடாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த தம்பி குடும்பத்திடம்கூடக் கொஞ்சம் பீற்றிக்கொண்டதோடு சரி, ஒரு சொட்டு ஊற்றவில்லை. சவரி பீரைத் தொடமாட்டான், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவன்.

மூன்றாவது அடுப்படிக்குப் போகக்கூடாது என்பது எங்களுக்குச் சின்னச் சத்தியம் இல்லை. ஊரில் லைசென்ஸ் வைத்து பீர் போடுகிறவர்கள் பதினோரு பேர். மாதம் ஒருமுறை கூடுவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பீர் வடித்தபின் பாத்திரத்தின் அடியில் தங்குகிற மண்டி முழுக்க உயிருள்ள ஈஸ்ட். பாத்திரத்தோடு வந்து யார் கேட்டாலும் அதைக் கொடுக்க வேண்டும், இல்லை என்று சொல்லக்கூடாது. கொடுக்கும்போது ஜாடியில் ஒரு சீட்டு ஒட்டுவோம். அதற்குக் கைச்சீட்டு என்று பெயர். முதல் வரியில் ஈஸ்டை முதலில் கண்டெடுத்தவர் பெயர், 'தாய்' என்று. அடுத்தடுத்த வரிகளில் அது யார் யார் கை மாறியதோ அவர்கள் பெயர், தேதியோடு. வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தன் பெயரை எழுதிவிட வேண்டும். பீர் புளித்துப்போனால் எந்தக் கையில் கெட்டது என்று கண்டுபிடிப்பதற்காக ஆரம்பித்த பழக்கம். எங்களில் ஒருவருக்கொருவர் ஆகாது, பொறாமை உண்டு, ஹாப்ஸ் திருடினவர்கூட இருக்கிறார். ஆனால் கைச்சீட்டில் பெயர் எழுதாமல் விட்டவர் ஒருவர்கூட இல்லை. மாறனும் நானும் எங்களுக்குள் கொடுத்து வாங்கியபோதுகூட எழுதினோம்.

இனி சவரியின் வேலை. கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கரை நெடுகச் சுவர் எழுப்புகிறார்கள். அங்கே அவன் நாலாவது கேங்குக்கு மேஸ்திரி. நாற்பது பேர். முன்பெல்லாம் வெயில் நாற்பத்திரண்டைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது. காண்டிராக்டர்கள் வெப்பமானியை ஈரச்சாக்குக்குப் பின்னால் தொங்கவிட்டார்கள். மே மாதத்தில் முப்பத்தெட்டு காட்டியது. ஆட்கள் செத்தார்கள். பிறகு வந்ததுதான் உடம்பு மணி. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை, அதில் ஒரு பொத்தான். தாங்கவில்லை என்று ஒரு கேங்கில் மூன்று பேர் அழுத்தினால் மணி அடிக்கும், ஒரு மணி நேரம் நிழலில் உட்காரலாம். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. கருவியை ஏமாற்றலாம், மனிதன் உடம்பை ஏமாற்ற முடியாது என்று அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மே பதினோராம் தேதி நாற்பத்தாறு டிகிரி. மற்ற கேங்குகளில் காலையிலிருந்து நாலைந்து முறை மணி அடித்தது. சவரியின் கேங்கில் ஒருமுறைகூட அடிக்கவில்லை. இரண்டே முக்காலுக்குப் பூங்காவனம் என்கிற அம்மாள் தலையில் கலவைச் சட்டியோடு விழுந்தார். அவரைத் தூக்க ஓடிய சவரியும் விழுந்தான். பூங்காவனம் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போய்விட்டார். விழுகிற நிமிடம் வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாராம்.

சவரியின் பெண்டாட்டி ரெஜினா அவன் பையை என் கையில் கொடுத்து, "பாருங்க அண்ணி, காலைல கொண்டுபோன சோறுகூட அப்படியே இருக்கு," என்று அழுதாள். பையில்தான் அந்த பாட்டில் இருந்தது.

"இது என்ன ரெஜினா?"

"நன்னாரித் தண்ணி. ஒரு மாசமா சைட்ல எல்லாருக்கும் குடுக்கறாங்களாம். குடிச்சா நல்லா ஜில்லுனு இருக்குதுன்னு சொல்வாரு."

மறுநாள் காலை கரைச்சுவர் கொட்டகைக்குப் போனேன். தம்பி சாமானை எடுக்க வந்தேன் என்றேன், விட்டார்கள். டீ போடுகிற மேடைக்குக் கீழே இரண்டு பெரிய கேன். நன்னாரி சர்பத்தில் ஈஸ்டை விட்டு ஒரு ராத்திரி வைத்தால் போதும், லேசாக நுரைத்து, போதை ஏறாமல், இளவெயிலின் குளிர்ச்சி மட்டும் இறங்கிவிடும். யார் செய்தாரோ சுலபமான வழியைத்தான் பிடித்திருந்தார். கேன்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி, அடியில் இரண்டு விரற்கடை மண்டி. அதன்மேல் கைச்சீட்டு.

தாய்: பெர்னதெத், வில்லியனூர்.
கை: மாறன், ஏப்ரல் 3.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. மாறனிடமிருந்து வேறு யாராவது வாங்கியிருந்தால் மூன்றாவது வரி இருக்கும். இல்லை. அப்படியானால் கடைசிக் கை மாறனுடையது, அவனே நேராகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பதினோரு பேரில் யாரிடம் காட்டினாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். வெயில் தெரியாத கூலியாட்கள் கிடைத்தால் எந்தக் கம்பெனிதான் வேண்டாம் என்னும்? அவனுக்குக் கைமாறாக என்ன கிடைத்ததோ. இருபத்தேழு வருடம் என் அடுப்படியில் உரிமையோடு புகுந்து உறைப்பான மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவன். என் தம்பி கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன்.

ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன். மாறன் பின்கட்டில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். ஜாடியை அவன் முன்னால் வைத்தேன்.

"யாரு எழுத்து இது?"

"என்னுதுதான்." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். சீட்டைப் பார்த்தான், ஜாடியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். "எங்க இருந்துச்சு?"

"தெரியாத மாதிரி கேக்காத. கரைச்சுவர் கொட்டகைல. இதைக் குடிச்சுத்தான் நேத்து ஒரு பொம்பள செத்துது. என் தம்பி சாகக் கெடக்கறான்."

அவன் முகம் வெளுத்துப்போனது. அப்படியே கல்லில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "பெர்னா, ஏப்ரல்ல நீ யாரையும் எங்கிட்ட அனுப்பலியே?"

"அடப்பாவி! பழியை எம்மேல தள்ளப் பாக்கறியா? நான் எதுக்குடா அனுப்பணும்? மூணாவது எடத்துக்குப் போவக்கூடாதுன்னு சத்தியம் பண்ணவங்க நாம ரெண்டு பேரும்."

"அனுப்பல."

"அனுப்பல! இன்னும் பத்து தடவ கேளு, அனுப்பல!"

அவன் தலையை ஆட்டினான். ஜாடியைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி வைத்தான். "சவரிக்கு டாக்டரு இன்னா சொல்றாரு?" என்றான்.

"அவன் பேரை உன் வாயால சொல்லாத."

"சரி. நான்தான் குடுத்தேன். குடுத்தது தப்பு. எழுதிக்கோ, யாருகிட்ட சொல்லணுமோ சொல்லு."

சிரிப்பான் அல்லது சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வையில் இருந்தது குற்ற உணர்ச்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். செருப்பை மாட்டும்போது அவன் வாசற்படியில் காறித் துப்பிவிட்டு வந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலையே விசாரணை அதிகாரி குணாளனிடம் ஜாடியைக் கொடுத்தேன். பொறுமையான மனிதர். கைச்சீட்டு வழக்கத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப கடைசிப் பேரு யாருதோ அவருதான் ஊத்தினவரு. அப்படித்தான மேடம்?"

"ஆமா சார். எங்க ஆளுங்க பேரு எழுதாம விட மாட்டாங்க. திருடினாக்கூட எழுதுவாங்க."

"முதல் பேரு உங்களுது."

"தாய் என்னுது. அது வெறும் கள்ளு ஈஸ்ட்டு சார், யாரையும் ஒண்ணும் பண்ணாது. வெயில் தெரியாம பண்றது மாறன் சேத்தது."

"நீங்க பண்ணச் சொன்னீங்களா?"

"இல்ல," என்றேன்.

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று அன்றிரவு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். வேலை போய்விடும் என்ற பயத்தில், நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். அவன் எனக்குத் துரோகம் செய்தவன், அவனிடம் எனக்கு என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு சமாதானமும் கைவசம் இருந்தது.

மாறனைக் கைது செய்தார்கள். பதினோரு பேர் கூட்டம் கலைந்தது, எல்லோருடைய லைசென்ஸையும் விசாரணை முடியும்வரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். சவரியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரெஜினாவிடம் மாறனைத் திட்டித் தீர்த்தேன். அவன் சிரிப்பைத் திட்டினேன், அவன் படிப்பைத் திட்டினேன். அவன் வெளியே வரக்கூடாது, ஜெயிலுக்குள்ளேயே மக்கிப்போக வேண்டும் என்றேன். ஒன்பதாம் நாள் சவரி கண்ணைத் திறந்தான். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். ஐம்பது வயதை நெருங்குகிறவள், ஊரே பார்க்க அழுதேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாம் நாள். ரெஜினா பெண்பிள்ளைகளைக் கோடை வகுப்பிலிருந்து அழைத்துவரப் போயிருந்தாள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவன் கை இன்னும் நடுங்கியது, நான்தான் ஊட்டினேன்.

"மாறனுக்கு ஜாமீன் இல்லேன்னுட்டாங்க," என்றேன். "பத்து வருஷம் போடலாம்னு வக்கீல் சொல்றாரு. போடட்டும்."

அவன் கஞ்சியை முழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தான்.

"இன்னாடா? சூடா இருக்கா?"

"அவரு மேல தப்பு இல்லக்கா."

"உனக்குத் தெரியாது, நீ பேசாம இரு. அவன்தான் கம்பெனிக்கு..."

"கம்பெனிக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மணி ஏன் அடிக்கலன்னு அவங்க கேக்கவே இல்ல." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நான்தான் போயி வாங்கியாந்தேன்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சிந்தாமல் வைத்தேன் என்பது இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

"மாறன் உனக்கு ஏன் குடுத்தான்?"

"நீ அனுப்பிச்சன்னு சொன்னேன். அக்காளுது கெட்டுப்போச்சு, புதுசா வோணும்னு கேட்டுச்சு, போன்ல பேச வேணாம்னு சொல்லிச்சுன்னேன். அவரு வேற ஒண்ணுமே கேக்கல. சீட்டு எழுதி ஒட்டி, அக்காவை அதுங் கையால பேரு எழுதச் சொல்லுன்னு குடுத்தாரு. நான் அப்படியே கொண்டுபோயி சர்பத்துல ஊத்திட்டேன். எனக்கு அந்த சீட்டெல்லாம் இன்னா தெரியும்?"

கைச்சீட்டு எழுதத் தெரியாத கை. பதினோரு பேர் வழக்கத்துக்கு வெளியே ஒரு கை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாறன் ஜாடியைத் திருப்பிப் பார்த்தது என் எழுத்தைத் தேடித்தான். நீ அனுப்பலியே என்று கேட்டபோது அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உன் தம்பிதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பான். தம்பி பிழைப்பானா என்று தெரியாமல் நிற்கிறவளிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த வாசற்படியில்தான் நான் துப்பினேன்.

"ஏன்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"மணி கம்மியா அடிக்கிற கேங்குக்குத்தான் அடுத்த வருச வேலை. எங்கியும் எழுதி வெக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். போன வருசம் ரெண்டு கேங்க அனுப்பிட்டாங்க. நாப்பது குடும்பம்க்கா, எம்மூஞ்சியப் பாத்து இருக்குதுங்க. கிறிஸ்துமஸ்ல நீ சொன்ன, இதைக் குடிச்சா வெயிலே தெரியாதுன்னு. சரி, ஆளுங்களுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன். உள்ள சூடு ஏறும்னு நீ சொல்லலியே."

சொல்லவில்லை. மொட்டை மாடியில் நடந்தது மானக்கேடாக இருந்தது, பெருமைக்குரிய பாதியை மட்டும் சொல்லியிருந்தேன்.

"அவங்களுக்குத் தெரியுமா, அதுல இன்னா கலந்திருக்குன்னு?"

"நன்னாரின்னுதான் சொன்னேன்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பூங்காவனம் அக்கா ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கும். உங் கையால குடுத்தா தனி ருசிடா தம்பின்னும்."

அந்த நாற்பது பேரும் கைதூக்கி அவனைத் தேர்ந்தெடுத்தவர்கள். எங்களுக்குத் தாங்கவில்லை என்றால் நீதான் முதலில் பொத்தானை அழுத்துவாய் என்று நம்பி மேஸ்திரி ஆக்கினார்கள். அவர்களுடைய உடம்பையே அவர்களிடம் வாய் பேசாமல் ஆக்கிவிட்டான். நல்லது நினைத்துத்தான் செய்தான் என்பதை நான் நம்புகிறேன். அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை.

"கண்ணு முழிச்ச அன்னிக்கே ஏன் சொல்லல?"

நான் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"நான் நாலாவது நாளே முழிச்சிட்டேன்க்கா," என்றான். "நீ ரெஜினாகிட்ட சொல்லிக்கினு இருந்த, மாறனைப் புடிச்சுக் குடுத்துட்டேன்னு. எனக்குக் கண்ணத் தொறக்கவே பயமா இருந்துச்சு. மறுநாள் சொல்லிடலாம்னு பாத்தேன். மறுநாளும் நீ அவரைத்தான் திட்டிக்கினு இருந்த."

ஐந்து நாள். நான் அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு, அவன் காதில் ஜெபம் சொல்லிக்கொண்டு, அவனுக்காக இன்னொருவனைச் சபித்துக்கொண்டு இருந்த ஐந்து நாளும் அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறான். ஏமாற்றி வாங்கியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும் போலிருந்தது. வறுமை, பயம், நாற்பது குடும்பம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த ஐந்து நாளுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. என் ரத்தம் என்று நினைத்த ஒருவன் என்னைக் கருவியாகப் பிடித்து, நிஜமாகவே எனக்கு ரத்தம் போல இருந்த ஒருவனைக் குத்த விட்டிருக்கிறான்.

அப்புறம்தான் என் பங்கு நினைவுக்கு வந்தது. நீங்க பண்ணச் சொன்னீங்களா என்று கேட்டதற்கு நான் சொன்ன இல்லை. அதைச் சவரி சொல்லச் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. படுக்கையிலிருந்து கையை நீட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று பிடிப்பானே, அதே பிடி.

"அக்கா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க."

"தெரியும்."

"அவருக்குப் பொண்டாட்டி புள்ளன்னு யாரும் கெடையாது. வெளிய வந்தப்புறம் நாம பாத்துக்கலாம்க்கா. ஆயுசுக்கும் நானே பாத்துக்கறேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் தயங்கியிருப்பேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மிச்சக் கஞ்சியைக் கை எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, தெருவில் வந்து நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் தேடத் தோன்றவில்லை. குணாளனைப் போனில் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மேடம். தம்பி எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கான். என் வாக்குமூலத்த மாத்தி எழுதணும் சார். ரெண்டு பேரு விட்டுப்போச்சு."

மறுமுனையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"முதல் பேரு என்னுது. அந்தச் சரக்கைப் பண்ணச் சொன்னது நான். மாறன் அப்பவே வேணாம்னு பயந்தான், நான்தான் பண்ணுன்னேன்."

"அன்னிக்கு இல்லேன்னீங்க."

"பொய் சொன்னேன் சார்."

அவர் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "ரெண்டாவது?"

"மாறன்கிட்டேந்து அதை வாங்கிட்டுப் போனவன். நான் அனுப்பினதா சொல்லி வாங்கியிருக்கான். மாறன் என்னை நம்பிக் குடுத்துட்டான்."

"இதைத்தான் மேடம் அவருகிட்ட பத்து நாளா கேட்டோம். யாருக்குக் குடுத்தீங்க, யாருக்குக் குடுத்தீங்கன்னு. வாயே தொறக்கல அந்த ஆளு." பெருமூச்சு விட்டார். "பேரு சொல்லுங்க."

"சவரிநாதன். நாலாவது கேங் மேஸ்திரி."

பேனா நின்றுவிட்டது. தெருமுனையில் ரெஜினா இரண்டு பெண்களையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. சின்னவள் என்னைப் பார்த்துவிட்டு, அத்தை என்று கத்திக்கொண்டு கையை உதறி ஓடிவர ஆரம்பித்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? இந்தப் படிவத்துல உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு, நான் கேட்டுத்தான் ஆவணும். சவரிநாதன் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி," என்றேன்.